பல்லுக்காரன் போர்டு

பிள்ளைகளா, பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்திருந்தபோது, கடை முன்னால் இருந்த போர்டு எங்கேப்பா என்று கேட்டீர்கள். "அது பெரிய கதை, முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். உங்களிடம் மறைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் யார் சொன்னது சட்டம், எந்த இடத்தில் நான் செய்தது சரி என்று எனக்கே பிடிபடுவதில்லை. வாயால் சொன்னால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் இன்னும் குழம்புவேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

நம் கடை இருக்கிற இடம்தான் முதல் சிக்கல். போடியை விட்டு வெளியே வந்து போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில், மலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வளைவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் புளியமரம். கீழே இருந்து வருகிறவனுக்கு மரம்தான் தெரியும், கடை தெரியாது. நாம் விற்பதும் பெரிய சாமான் இல்லை. தார்ப்பாய், நைலான் கயிறு, ரப்பர் பூட்ஸ், மழைக்கு மேலே போர்த்துகிற பிளாஸ்டிக் சீட்டு, அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும். இதை வாங்குகிறவர்கள் எல்லாம் விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறுகிற பெண்கள். சிலமலைப் பக்கம் இருந்து ஷேர் ஆட்டோவில் வந்து நம் கடை முன்னால் இறங்குவார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டே சாமான் வாங்குவார்கள், ஜீப்பு வந்ததும் ஏறிப் போவார்கள்.

ஜீப்பு நம் கடை முன்னால் நின்றால் நமக்கு வியாபாரம். கீழே பெட்ரோல் பங்க்கில் நின்றால் அங்கே இருக்கிற கடைக்கு வியாபாரம். உங்கள் படிப்பு, அம்மாவின் மருந்து எல்லாமே அந்த ஜீப்பு எங்கே பிரேக் போடுகிறது என்பதில்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

அந்த இடத்தை ஸ்டாப் என்று எந்த அரசாங்கமும் சொன்னதில்லை. பூச்சி மருந்து கம்பெனிக்காரர் ஒருத்தர், "அண்ணே, இலவசமா போர்டு தர்றோம், உங்க கடைப் பேரும் போட்டுத் தர்றோம்" என்று சொல்லி, ரோட்டோரத்தில் ரெண்டு இரும்புக் கம்பம் நட்டு மாட்டிவிட்டுப் போனார். மேலே கம்பெனிப் பெயர் பெரிதாக. நடுவில் மருந்தடிக்கிற டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள், வாய் கொள்ளாத பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பான். நம் கடைப் பெயர் அவன் காலடியில் எறும்பு மாதிரி. அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பல்லை ஜீப்பின் லைட்டில் தூரத்திலேயே பார்க்கலாம். "பல்லுக்காரன்கிட்ட நில்லுங்கடி" என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்து, டிரைவர்களும் சொல்லி, அந்த இடத்துக்கே பல்லுக்காரன் போர்டு என்று பெயர் ஆகிவிட்டது.

போன ஏலக்காய் எடுப்பு சமயத்தில் ரோட்டு ஆபீஸில் இருந்து ஒருத்தர் டேப்போடு வந்தார். நல்ல மனுஷர்தான். ரோட்டின் நடுக்கோட்டில் இருந்து அளந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கம்பம் ரோட்டு எடத்துல நிக்குது. உங்க பட்டா எடத்துக்குள்ள தள்ளிருங்க" என்றார்.

"உள்ள தள்ளுனா மரம் மறைக்குமே சார்."

"மறைக்கும்."

"மரமும் ரோட்டு எடத்துலதான நிக்குது?"

"மரம் எங்களதுண்ணே. அது போர்டு இல்லையே."

இதில் எனக்கு ஏதோ இடித்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அவரும் விளக்கினார். வளைவில் பைக்கில் வருகிறவன் தடுமாறினால் கம்பத்தில் போய் மோதுவான் என்றார். மரத்தில் மோத மாட்டானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. போகும்போது, "இதுக்கு அனுமதி வாங்கிருக்கீகளான்னு நகராட்சியில கேட்டுக்கங்க. எங்க சோலி எடம் மட்டும்தான். போர்டுல என்ன இருக்குங்கிறது அவக சோலி" என்றார்.

மறுநாள் நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். அங்கே சீட்டில் ஒரு அம்மா இருந்தார். போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கடைச் சுவத்துல உங்க பேரை எழுதுனா அது பெயர்ப்பலகை. கம்பம் நட்டு அடுத்தவக சரக்கைப் போட்டா அது விளம்பரம். விளம்பரத்துக்குத் தனி அனுமதி வேணும்" என்றார்.

"இதுல என் பேரும் இருக்கேம்மா."

"எங்க?"

காட்டினேன். "ஓ" என்றார். பிறகு, "இந்த ஆளு யாரு? உங்க கடை ஆளா?" என்றார்.

"இல்லம்மா. கம்பெனிக்காரக போட்ட படம்."

"அப்ப விளம்பரம்தான்."

"கம்பெனி பேரை அழிச்சிட்டா?"

படத்தை மறுபடியும் பெரிதாக்கினார். "அழிச்சிட்டா அவரு யாருன்னே தெரியாதே."

"யாருன்னு தெரியாட்டி இருக்கலாமாம்மா?"

எனக்குப் பின்னால் வரி கட்ட நின்றிருந்த ஒருத்தர் பொறுக்க மாட்டாமல், "அண்ணே, பேசாம அவனை உங்க கடையில சம்பளத்துக்குச் சேத்துக்கங்க. சட்டச் சிக்கல் தீந்துரும்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்ததாலோ என்னவோ கொஞ்சம் இளகி, "கம்பெனி பேரை அழிங்க. உங்க கடைப் பேரைத் தமிழ்ல பெருசா எழுதுங்க. உங்க எடத்துக்குள்ள வைங்க. அப்ப அது பெயர்ப்பலகை மாதிரிதான்" என்றார்.

"மாதிரியா, பெயர்ப்பலகையேவாம்மா?"

"மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். சோற்றைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "ஊர்ல காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரோட்ட மறச்சு பிளெக்ஸ் கட்டுறாக. அவுகளை யாரு டேப்பு வச்சு அளந்தா?"

"அது ரெண்டு நாள்ல கழட்டிருவாக. நம்மளது நெரந்தரம்."

"அப்ப நம்மளும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழட்டி மாட்டுவோம்."

அவள் கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சட்டப்படி அது செல்லுமோ என்று ஒரு ராத்திரி யோசித்தேன். மகளே, ஆத்தா, நீ சிரிக்காதே. அந்த நிலைமையில் இருந்தால் நீயும் யோசித்திருப்பாய்.

கடைசியில் அந்த நகராட்சி அம்மா சொன்னபடியே செய்தேன். கம்பெனிப் பெயர் மேலே நானே பெயிண்ட் அடித்தேன். ஆள் வைத்து நம் கடைப் பெயரை அதே இடத்தில் பெரிதாக எழுதச் செய்தேன். பல்லுக்காரனை அழிக்க மனசு வரவில்லை. கம்பத்தைப் பிடுங்கி, புளியமரத்துக்கு உள்பக்கம் நம் முற்றத்தில் சிமெண்ட் போட்டு நட்டேன். ரோட்டு ஆபீஸ்காரர் வந்து பார்த்து, "இப்ப சரிண்ணே" என்றார். சரி என்று ஒரு அதிகாரி சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. காபி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் இருட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கிய பெண்கள் ரோட்டோரம் பல்லுக்காரனைத் தேடினார்கள். கடை பல்பு வெளிச்சத்தில் அவன் முற்றத்தில் நின்று சிரிப்பது தெரிந்தது. எல்லாரும் நேராக உள்ளே வந்து அவனுக்குக் கீழே நின்றுகொண்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் ரோட்டில் நின்றவர்கள் கடை வாசலுக்கே வந்துவிட்டார்களே, நாம் பயந்ததற்கு எதிர்மாறாக நல்லதாகவே முடிந்திருக்கிறதே என்று நினைத்தேன். சீட்டும் புகையிலையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜீப்பு வந்தது. லைட்டு வெறும் ரோட்டோரத்தில் விழுந்தது. போர்டும் இல்லை, ஆளும் இல்லை. கியரை மாற்றிக்கொண்டு மலையில் ஏறிவிட்டது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள், நானும் கையில் புகையிலையோடு ஓடினேன். பின்னால் வந்த ஜீப்பு பங்க்கிலேயே ஆள் நிறைந்து வந்ததால் அதுவும் நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்தைக் கூட்டிப்போகிற அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்ணே, இன்னைக்கு எங்க கூலி போச்சுல்ல."

"ரோட்டுலயே நின்னிருக்கலாமே ஆத்தா."

"ரோட்டுல எங்கன நிப்போம்? பல்லுக்காரன் எங்க நிக்கிறானோ அங்கதான நாங்க நிப்போம்?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை.

சாயங்காலம் அதே ஜீப்பு டிரைவர் இறங்கி வரும்போது நிறுத்தினார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார். "என்னண்ணே, பல்லுக்காரனையும் காணோம், ஆளையும் காணோம். இன்னைக்கு ஆள் வரலைன்னு நெனச்சேன்."

"உள்ளதான் நின்னாக மாப்ளே."

"உள்ள நின்னா எனக்குத் தெரியுமா? அதுவும் வளைவு. போலீஸ்காரவுக கேட்டா, போர்டு இருக்கு சார், ஸ்டாப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"அது ஸ்டாப்பு போர்டு இல்லையே, பூச்சி மருந்து போர்டுல்ல."

"அது உங்களுக்குண்ணே. எனக்கு அது ஸ்டாப்பு." வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "நாளைக்கும் ஆள் தெரியலைன்னா பங்க்லயே ஏத்திக்கிறேன். கோவிச்சுக்காதீக" என்றார்.

உடனே ரோட்டு ஆபீஸ்காரருக்குப் போன் போட்டு, ஸ்டாப் என்று மட்டும் எழுதி ஒரு சின்னப் பலகை ரோட்டோரம் வைக்கலாமா என்று கேட்டேன். "ஜீப்புக்கு ஸ்டாப்பே கிடையாதுண்ணே. இல்லாத ஸ்டாப்புக்கு எப்படி போர்டு வைப்பீக?" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லாரும் சொல்வது சரியாகவே படுவதுதான் என் கஷ்டம்.

அடுத்த நாளில் இருந்து ஆட்டோ வந்ததும் நான் டார்ச்சோடு ஓடிப் போய், "ரோட்டோரம் நில்லுங்க, ரோட்டோரம்" என்று சொல்வேன். பழைய ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். ஜீப்பும் அவர்களைப் பார்த்து நின்றது. ஆனால் எடுப்பு சமயத்தில் தினம் புது ஆள் வரும். அவர்களிடம் யாரோ "பல்லுக்காரன்கிட்ட எறங்கு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் என்னைத் தாண்டி அவனிடம் போய் நிற்பார்கள். ஒரு நாள் பாதிப் பேர் வெளியே, பாதிப் பேர் உள்ளே. ஜீப்பு வெளியே நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. புதிதாக வந்த ஒரு பிள்ளை முற்றத்தில் நின்று அழுதது.

அந்த அக்கா அன்றைக்கு என்னிடம் கோபமாகப் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "அண்ணே, அவன் அங்கன நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் புதுசா வர்றவுக அவன்கிட்டதான் போவாக. நீங்க எம்புட்டுக் கத்துனாலும் அவன் பல்லுக்கு ஈடாகுமா? அவனை வெளிய வைங்க, இல்லாட்டி எடுத்துருங்க, ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. இல்லாட்டி நாங்க பங்க்குக்கே போயிர்றோம்."

வெளியே வைத்தால் சட்டம் விடாது. உள்ளே வைத்தால் சட்டம் விடுகிறது, சனம் தவறிப் போகிறது. அன்று மத்தியானம் உங்கள் அம்மா அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்பேனரை எடுத்து, அதிகாரி சரி என்று சொன்ன போர்டை நானே கழற்றி, கடைக்குள் தார்ப்பாய்ச் சுருளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சிமெண்டில் நின்ற கம்பத்தை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் வந்தபோது அம்மா கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாளே, அந்தக் கம்பம்தான்.

மறுநாள் எல்லாரும் ரோட்டோரம் நின்றார்கள். உள்ளே போய் நிற்க ஒன்றும் இல்லை. புது ஆட்களும் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே நின்றார்கள். ஜீப்பு நின்றது. ஏற்றும்போது டிரைவரிடம், "இப்பத்தான் போர்டு எங்கயுமே இல்லையே மாப்ளே, எதைப் பாத்து நிப்பாட்டுன?" என்று கேட்டேன்.

"பல்லுக்காரன் ஸ்டாப்புல நிப்பாட்டாம வேற எங்க நிப்பாட்டச் சொல்றீக?" என்றார்.

இதுவரைக்கும் ஜீப்பு நிற்கிறது. நாளைக்கு அந்த டிரைவர் மாறினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. போர்டு இல்லாமலே நிற்குமென்றால் இத்தனை வருஷம் போர்டு எதற்கு என்றும் தெரியவில்லை. கடைச் சுவரில் பெயர் எழுதச் சொல்கிறாள் அம்மா. அதற்கு எந்த ஆபீஸில் கேட்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

போர்டு இல்லாமல் ஜீப்பு நின்ற அன்றைக்கு, எல்லாரும் ஏறிப் போய் ரோடு காலியான பிறகு, கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போர்டில் இருந்து கழற்றிய போல்டு நட்டெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, நட்டை அதனதன் போல்டிலேயே திருகி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன்.