ஸ்டூலோடு வந்த வடிவமைப்பாளர்

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு அலுவலகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நகரமைப்புத் துறையில் ஓய்வு பெற்றவன் என்பதால், அனுமதி விஷயங்களுக்கு என்னை வைத்துக்கொண்டார்கள். ஊழியர் நலனுக்கேற்ற அலுவலகம் என்று கோப்பில் எழுதியிருந்தது. கோப்பில் இருப்பதையெல்லாம் நம்புகிறவன் முப்பது வருஷம் அரசு வேலை பார்த்திருக்க முடியாது.

உள்வடிவமைப்பாளர் ஒல்லியான பெண். காதில் பென்சில், கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். எங்கெல்லாம் மேசை வருமோ, அங்கெல்லாம் ஸ்டூலைப் போட்டுக் கால் மணி நேரம் உட்காருவார். வெயில் கண்ணில் அடித்தால் வரைபடத்தைத் திருத்துவார்.

கிழக்கு மூலை ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய வரை குறுவைப் பயிர். எல்லோரும் சாப்பிட்டு இளைப்பாறும் இடமாக அந்த மூலையை வரைந்திருந்தார். நிறுவனத்தின் முதலாளிக்கோ அதைத் தன் அறையாக்கிக்கொள்ள ஆசை.

"சார், அங்க எனக்கு ஒரு ரூம் போட்டுடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவசர வழி அதுலதான் போகுதுங்க. பூட்டுற ரூமுக்கு ரூல் இடம் கொடுக்காது" என்றேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார். வேறு பக்கம் ஒரு கதவு வைத்தால் அந்த விதிக்கு விலக்கு உண்டு. பிரிவு எண்ணோடு எனக்கு மனப்பாடம்.

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "அதுக்கு விலக்கு ஏதும் இருக்கா சார்?" என்றார்.

"பார்க்கணும்மா."

"மெதுவா பாருங்க சார். அவசரமே இல்ல."

இன்று அங்கே ஊழியர்கள் வயலைப் பார்த்தபடி தயிர்சாதம் சாப்பிடுகிறார்கள். நான் இன்னும் மெதுவாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிரிவு அந்தப் பெண்ணுக்கும் மனப்பாடமா என்பதுதான் தெரியவில்லை.