உம்மா பூப்போடாத துணி

எங்கள் வீட்டில் பூ இல்லாத துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தலையணை உறை, சன்னல் திரை, மின்விசிறிக்குப் போட்ட மூடி, சூடான சட்டியைப் பிடிக்கும் கந்தல் வரைக்கும் உம்மாவின் ஊசி போய் வந்திருந்தது. தகரப் பெட்டியின் அடியில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவே இருந்த வெள்ளைப் பொட்டலத்தை மட்டும் அந்த ஊசி தொட்டதில்லை. அது அவருடைய கபன். தன்னை அடக்கம் செய்யும்போது போர்த்துவதற்காக அவரே எடுத்து வைத்திருந்தார்.

வாப்பா காரைக்காலிலிருந்து வியட்நாமுக்கு வந்த ஜவுளி வியாபாரி. டோங் டு பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை இருந்தது. ஆட்சி மாறிய பிறகு அது மூடப்பட்டது. கடைசியாக மிஞ்சிய ஒரு கட்டு வெள்ளைப் பருத்தித் துணியை வாப்பா வீட்டுக்குத் தூக்கி வந்தார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தபோது அதிலிருந்தே அவருக்குக் கபன் கிழித்தோம். மீதியை உம்மா பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"எனக்கு வேற எந்தத் துணியும் வாணாம். ஒங்க வாப்பா கடைத் துணியிலதான் நான் போவணும்" என்று என்னிடம் சொன்னார். தனக்கென்று அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தத் துணியில் நான் கை வைத்தேன். இதை எழுதும் இன்று, உம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் செய்ததை உடனே எழுத என்னால் முடியவில்லை. அதனால் முதலில், எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிரும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வாப்பா போன பிறகு உம்மா பூத்தையல் கூட்டுறவில் சேர்ந்தார். அங்கே வெளிநாட்டுக்குப் போகும் மேசை விரிப்புகள் தைத்தார்கள். கோரைப்புல் நடுவே இரண்டு கொக்குகள் நிற்பதுதான் அவர்கள் கொடுத்த படம். உயிருள்ளதை உருவமாக்குவது மார்க்கத்துக்கு ஆகாது என்பதில் உம்மா உறுதி. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் தைத்து விரிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். தலைவி அதைப் பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சீ ஹாய், கொக்கு எங்கே?" என்று வியட்நாமிய மொழியில் கேட்டார். அங்கே எல்லோருக்கும் உம்மா சீ ஹாய்தான், மூத்த அக்கா.

"இப்பத்தான் பறந்து போச்சு. பாருங்க, கோரை இன்னும் ஆடுது" என்றார் உம்மா, அதே மொழியில்.

உண்மையிலேயே ஆடியது. இரண்டு தண்டுகள் வளைந்திருந்தன. அடியில் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்திருந்தது. தலைவி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "சரி, அடுத்த விரிப்புக்காவது திரும்பி வரச் சொல்லுங்க!"

கொக்கு கடைசிவரை திரும்பி வரவில்லை. பின்னால் மற்ற பெண்களும் 'பறந்த கொக்கு' என்றே பெயர் வைத்து அந்தப் படத்தைத் தைத்தார்கள். நான் படித்தவள், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஈமானையும் விட்டுக்கொடுக்காமல், வேலையையும் இழக்காமல், எதிரில் இருப்பவரையும் சிரிக்க வைக்கும் அந்த வித்தை எனக்கு வரவேயில்லை. எனக்கு வந்ததெல்லாம் பயம். என் மகள் சைக்கிளில் போனால் பயம், காய்ச்சல் அடித்தால் பயம், பிறர் முன்னால் அவள் தலைகுனிய நேருமோ என்று எந்நேரமும் பயம்.

அந்தப் பயம்தான் என்னைப் பெட்டிவரை கொண்டுபோனது. மகள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த வருடம் மாணவிகளுக்கு வெள்ளை ஆவ் யாய் மறுபடியும் கட்டாயமாகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த உடுப்பு அது. திங்கட்கிழமை கொடியேற்றத்துக்கு அது இல்லாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள் என்றார்கள். நல்ல துணியின் விலை என் கைக்கு எட்டவில்லை. அது நோன்பு மாதம். கஞ்சி காய்ச்ச உம்மா தினமும் பிற்பகலில், அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முன்பே பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, உள்மடிப்பிலிருந்து வேண்டிய அளவு வெட்டிக்கொண்டேன். பொட்டலம் மெலிந்தது தெரியாமலிருக்க ஒரு பழைய படுக்கை விரிப்பை உள்ளே திணித்தேன். சீக்கிரம் வேறு துணி வாங்கி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாப்பா கடைத் துணியை எந்தக் கடையில் வாங்குவது?

தையற்காரரிடமிருந்து வந்த உடுப்பை மகள் போட்டுக்கொண்டு நின்றாள். உம்மா அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வாப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

"நல்ல துணியாத்தான் ஈக்குது. எங்க புள்ளே வாங்குனே?"

"பென் தான் சந்தையில, உம்மா."

"பாத்துத்தான் வாங்கியிருக்கே." பிறகு பேத்தியைப் பார்த்து, "இங்க வா, ஓரத்துல ஒரு பூ வச்சுத் தாரேன்" என்றார்.

"வாணாம் உம்மம்மா! வெறும் வெள்ளையாத்தான் இருக்கணும். டீச்சர் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஒங்க டீச்சர் கண்ணு அவ்வளவு கூர்மையா? வெள்ளை நூல்லயே வைக்கிறேன். கண்டுபிடிச்சா நானே வந்து பிரிச்சுத் தாரேன், போ."

வெள்ளையில் வெள்ளையாக, சட்டையின் கீழ்மூலையில் ஒரு மல்லிகை. மூன்று வருடத்தில் ஒரு டீச்சரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மறுநாள் கபன் துணியை மாடிக் கம்பியில் வெயிலுக்குப் போடுவது உம்மாவின் வழக்கம். அந்த வருடம் நான் உறங்காமல் காத்திருந்தேன். "இந்தத் தடவை வெயில் பத்தாது" என்று விட்டுவிட்டார். அடுத்த வருடமும் போடவில்லை. அதற்குப் பிறகு என் கண்ணெதிரே அந்தப் பொட்டலத்தை அவர் பிரித்ததேயில்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்தேன். ஆனாலும் உம்மா ஒருமுறை இருமினால்கூட எனக்கு அந்தப் பழைய விரிப்புதான் கண்ணில் வந்தது.

எண்பது வயதைத் தாண்டி, ஒரு காலையில், சுபுஹு தொழுத பாயிலேயே உம்மா இறந்துபோனார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. தாவோ தியெனில் வேலை பார்க்கும் மகள் பைக்கில் பறந்து வந்தாள். இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டும் சாச்சி வந்தார். எங்கள் கூட்டத்தில் மிஞ்சியிருக்கும் எல்லோருக்கும் அவர் சாச்சிதான், சின்னம்மா.

"பொட்டலத்த எடு புள்ளே" என்றார்.

எடுத்தேன். கொடுக்க முடியவில்லை. "சாச்சி, துணி பத்தாது."

"ஏன் பத்தாது?"

"நான் வெட்டிட்டேன். இவ பள்ளிக்கூட உடுப்புக்கு. உம்மாகிட்ட சொல்லல."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சாச்சி என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினார். "மொதல்ல அவுத்துப் பாப்போம். பத்தலைன்னா சந்தைக்கு ஆள் அனுப்புவோம்."

உள்ளே பழைய விரிப்பு இல்லை. பெண்ணுக்கு வேண்டிய ஐந்து துண்டும், கட்டுவதற்கான நாடாக்களும் வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. "போர்த்துறது ரெண்டு, இடுப்புக்கு ஒண்ணு, சட்டைக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு. அவங்களே வெட்டி அடுக்கிட்டாங்க. நமக்கு வேலையே வைக்கல" என்றார் சாச்சி.

மகள் சட்டைத் துண்டை எடுத்து விரித்தாள். "சோய் ஒய்! உம்மா, இது என்னோட ஆவ் யாய்."

தையல் முழுவதும் பிரிக்கப்பட்டு, துவைத்து, தேய்க்கப்பட்டிருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் சட்டைத் துண்டாகவும், கால்சட்டை தலைத்துணியாகவும் மாறியிருந்தன.

"காலேஜ் சேந்தப்ப உம்மம்மா கேட்டாங்க, குடுத்தேன். ஏதாச்சும் தைக்கத்தான்னு நெனச்சேன்" என்றாள்.

நான் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். விரல் வைத்துத் தேய்த்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அதில் பூப்போட்டார். தெரிந்தேதான் வெயில் பத்தாது என்றார். கேட்டிருந்தால் நான் மறுபடியும் ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

குளிப்பாட்டி முடித்துக் கபனை விரித்தோம். முதுமையில் சிறுத்துப்போயிருந்த உடம்புக்கு, பதினாறு வயதுப் பேத்தியின் சட்டைத் துணி அளவெடுத்தது போல இருந்தது. மகள் கீழ்மூலையைப் பிடித்துச் சன்னல் பக்கம் தூக்கினாள்.

"சாச்சி, பூ எந்தப் பக்கம் வரணும்?"

"பூவா? கபன்ல பூ கூடாதும்மா."

"பூ இல்ல. பூ இருந்த எடம்."

சாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். நூலை ஓரிழைகூட விடாமல் எடுத்திருந்தார் உம்மா. ஊசி போன துளைகள் மட்டும், ஐந்து இதழாக, வெளிச்சத்தில் தெரிந்தன.

"இதுல தப்பில்ல" என்று சாச்சி அந்த மூலையைக் கையால் நீவிச் சமமாக்கினார்.

அஸருக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே, உம்மா பள்ளிவாசலுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். நோன்புக் கஞ்சி காய்ச்சப் போகும் அவருடைய வழக்கமான நேரம் அது.