டயருக்குள் ஒரு விரல்

பசுவந்தனை சாலையில் பஞ்சர் ஒட்டுகிறவர் அவர். நரைத்த மீசை, கறுத்துப்போன விரல்கள். முள்ளைப் பிடுங்கிய பிறகும் டயரின் உட்புறத்தை ஒரு சுற்று தடவிப் பார்க்காமல் டியூபை மாட்ட மாட்டார்.

அன்று என் பைக்கைக் கொடுத்துவிட்டு, நானும் நண்பனும் செல்போனில் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே அணியின் இரண்டு கார்கள் வளைவில் மோதிக்கொண்டன. கார் ஓட்டவே தெரியாத நாங்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினோம். முந்தப் பார்த்தவன் மேல்தான் தப்பு என்றேன் நான். வழிவிடாதவன் மேல் என்றான் அவன். தீராமல் அவரிடம் கேட்டோம்.

"ரெண்டும் ஒரே முதலாளி வண்டிதான? ரெண்டு பேருகிட்டயும் நீதான் ஜெயிக்கணும்னு சொல்லி விட்டிருப்பாரு. ஓட்டுதவன் என்ன செய்வான்?"

"நீங்க பந்தயம் ஓட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"மாட்டுவண்டிப் பந்தயம் ஓட்டிருக்கேன். ஒரே முதலாளிக்கு ரெண்டு வண்டி. முன்னால என் தம்பி போனான். நான் முந்தப் பாத்தேன், முட்டிட்டு. அன்னையிலருந்து அவன் எங்கூடப் பேசுததில்ல."

"அதுல யாரு மேல தப்பு?"

டயருக்குள் இருந்த விரல் நின்றது.

"என் தப்புதான்."

அந்த முதலாளியை அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. தடவி முடித்த டயரை மறுபடியும் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தார்.