வாப்பா அனுப்பும் பிறை

கல்முனைக்குடிக்காரருக்கு எல்லாமே கடல் பக்கம்தான். பெருநாள் பிறை மட்டும் முதுகுப் பக்கம், மேற்கே வயலுக்கு மேல் வரும். அதனால்தான் ஹாஜறாவுக்கு அந்தக் கதையைக் கட்டுவது அவ்வளவு சுலபமாகப் போயிற்று. மேற்கே எங்கேயோ சவூதி. அங்கேதான் பிள்ளைகளின் வாப்பா றஊப் லொறி ஓட்டப் போயிருந்தான். அங்கே பெருநாளும் அநேகமாக நமக்கு ஒரு நாள் முந்தி வந்துவிடும். ஒரு தாய்க்குக் கதை கட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

"வாப்பாதான் முதல்ல பிறையப் பிடிக்கிற. அங்க பெருநாள் கொண்டாடி முடிச்சிட்டு, அடுத்த நாள் நமக்கு அனுப்பி வைக்கிற," என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். மூத்தவள் றிஸ்லாவும் சின்னவன் பஸாலும் ஒவ்வொரு நோன்புக் கடைசியிலும் வயல் வரம்பில் நின்று, "வாப்பா, கெதியா அனுப்புங்க!" என்று மேற்கே பார்த்துக் கத்துவார்கள். மெல்லிய கீற்றாகப் பிறை தெரிந்ததும் துள்ளுகிற துள்ளலில் வரம்பே உடைந்துபோகும். மற்றப் பிள்ளைகளுக்குப் பிறை வானத்திலிருந்து வந்தது. இந்த இரண்டுக்கும் வாப்பாவிடமிருந்து வந்தது.

பிறையோடு உடுப்பும் வரும். அதுவும் வாப்பா அனுப்புவதுதான். உண்மையில் றஊப் பார்சல் அனுப்பியது போன முதல் வருடம் மட்டும். பிறகு, "இஞ்ச செலவு கூட, நீ எப்படியும் சமாளிப்பாய்தானே," என்றான். சமாளித்தாள். நோன்பு மாதம் முழுக்க ஊராருக்குத் தைத்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அவர்களுடையதைத் தைத்தாள். முதல் பார்சலில் வந்த சவூதிச் சவர்க்காரம் ஒன்றை உறையோடு பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். தைத்த உடுப்பை அதோடு போட்டு மூடி வைப்பாள். பெருநாள் காலையில் திறந்தால் வெளிநாட்டு வாசம் கமகமவென்று வரும். றிஸ்லா சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு, "வாப்பாட வாசம்!" என்பாள். ஹாஜறாவுக்கு அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நூறு சட்டை தைக்கலாம் போலிருக்கும். பைத்தியக்காரி!

றஊபைப் பற்றி ஒரு நல்லது சொல்லத்தான் வேண்டும். பெருநாளுக்குக் கோல் எடுக்க அவன் தவறியதில்லை. சவூதியில் பெருநாளன்று, ஜவுபர் காக்காவின் கடை டெலிபோனுக்கு எடுப்பான். ஹாஜறா முன்பே சொல்லிக் கொடுத்திருந்தபடி, "பிறைய அனுப்பிட்டன் மகள், பாத்துக்கங்க," என்பான். அந்த ஒரு வசனம்தான் அவனுடைய பங்கு. மற்றதெல்லாம் இவளுடையது.

அந்த வருடம் கோல் வரவில்லை. சவூதியில் பெருநாள் என்று ஊரெல்லாம் தெரிந்த அன்று, அங்கே இருக்கிற ஆம்பிளைகளெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஜவுபர் காக்காவின் கடை வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இவளுக்கு மட்டும் இல்லை. லைன் கிடைத்திருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பின்னேரம் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போய்ப் பிறை காட்டினாள்.

மறுநாள் இங்கே பெருநாள். பள்ளியில் தொழுகை முடிந்து ஆட்கள் வீடுகளுக்குப் போய்வரும் நேரம், வழக்கமாகக் கூப்பிட வரும் கடைப் பொடியன் வரவில்லை, ஜவுபர் காக்காவே ஓடி வந்தார்.

"ஹாஜறா, ஓடி வா புள்ள! மச்சான்ட கோல். இந்த முறை லைன் நல்ல கிளியர், பக்கத்து வீட்டிலயிருந்து கதைக்கிற மாதிரி இரிக்கி!"

புது உடுப்போடு றிஸ்லாதான் முந்திக்கொண்டு ரிசீவரைப் பிடுங்கினாள். "வாப்பா, பிறைய எப்ப பாத்தீங்க?"

"நேத்துப் பின்னேரம் மஃரிபுக்கு மகள். வடிவாத் தெரிஞ்சிச்சி. இப்பதான் பெருநாள் தொழுதிட்டு வாறன்."

றிஸ்லா சந்தோஷத்தில் குதித்தாள். "உம்மா! இந்த முறை வாப்பாவும் நாங்களும் ஒரே நாளையில பிறை பாத்திரிக்கம்!"

பக்கத்தில் நின்ற ஹாஜறாவுக்கும் அவன் சொன்னது கேட்டிருந்தது. நேற்று மஃரிபுக்குப் பிறை பார்த்தவன், இன்று பெருநாள் தொழுதவன், சவூதியில் எப்படி இருப்பான்? ரிசீவரை வாங்கினாள்.

"நீங்க எங்க இரிக்கிங்க?"

"என்ன கேள்வி இது? சவூதியிலதான்."

"சவூதியில பெருநாள் நேத்தே முடிஞ்சி."

லைன் நல்ல கிளியர்தான்; அவனுக்குப் பின்னால் ஒரு பெண் பேசியதும் தெளிவாகக் கேட்டது. "புரியாணி ஆறுது, வாங்களன். யாரோட இவ்வளவு நேரம்?" கொழும்புப் பக்கத்துப் பேச்சு. அதோடு கோல் வெட்டுப்பட்டது.

யா அல்லாஹ்! எத்தனை வருடம் அவனைப் பிள்ளைகளின் கண்ணில் வானத்துக்கு ஏற்றி வைத்தாள்! கடலுக்கு அங்கால் கஷ்டப்படுகிறான் என்று நினைத்து அவனுக்காகப் பொய் சொன்னாள். அவனோ இதே நாட்டில், இதே பிறையைப் பார்த்து, இன்னொருத்தியின் வீட்டில் பெருநாள் சோறு தின்கிறான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா நிற்கிறா, வட்டிலப்பத் தட்டோடு. பிள்ளைகளின் உடுப்பைத் தடவிப் பார்த்து, "என்ன வடிவான துணி! றஊப் தங்கமான மனிசன்கா. பிள்ளைகள மறக்கல்ல பாரு," என்றா.

இத்தனை வருடமும் இதற்கு ஓம் என்று தலையாட்டியவள்தான். இன்று வாய் சும்மா இருக்கவில்லை.

"அவரு ஒண்டும் அனுப்பல்ல. எல்லாம் நான்தான் தைச்ச. ஒவ்வொரு வருஷமும் நான்தான் தைச்ச!"

றிஸ்லா விடவில்லை. முகம் சிவந்து, உம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பொய்! உம்மா பொய் செல்லுறீங்க! வாப்பா கோல் எடுத்த பொறாமையில செல்லுறீங்க!"

"இல்ல மகள், உம்மா செல்றதக் கேளு..."

"அப்ப இது என்ன?" சட்டையின் கையைப் பிடித்து ஹாஜறாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "மணந்து பாருங்க. இது வாப்பாட வாசம்தானே?"

ஹாஜறா குனிந்து முகர்ந்தாள். சவர்க்கார வாசம் நன்றாகத்தான் ஏறியிருந்தது.