பாப்பா சட்டையின் பித்தளை பட்டன்

எங்கள் ஊரில் எதைத் துடைத்தாலும் ரிஜெக்ட் துணியில்தான் துடைப்போம். தையல் மெஷின், டீக்கடை மேஜை, பிள்ளைகளின் மூக்கு, எல்லாமே. ஆகவே மகளின் பிளஸ் டூ ஆட்டோமொபைல் செய்முறைத் தேர்வுக்குத் துணி வேண்டும் என்றதும், நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கலர் சரியில்லை என்று பையர் திருப்பிய பாப்பா சட்டைகளை ஒரு மூட்டை கொண்டுபோய் இறக்கினேன். பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் கிடையாது, என்னுடையதையும் கொடுத்தேன். வண்டியில் எனக்குத் தெரிந்த ஒரே பாகம் ஹாரன். இருந்தாலும் வள்ளல் என்ற முறையில் ஜன்னலோரம் நிற்க இடம் கிடைத்தது.

"நின்னு பாருங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னாலும் புள்ளைக்கு மார்க் போயிருமுங்க" என்றார் தேர்வாளர்.

வீட்டில் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. தேறினால் அவளுக்கு சர்வீஸ் சென்டரில் பயிற்சி இடம். தவறினால் நான் பார்த்து வைத்திருக்கும் பி.காம். நான் எந்தப் பக்கம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பேட்டரியை அலுங்காமல் வெளியே எடுத்து வைத்தாள். பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. பூத்திருந்த பச்சைக் களிம்பைத் துடைக்க மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவினாள். கீழ் ஓரத்தில் ஏதோ மின்னியது. பித்தளை பட்டன். குழந்தைக்கு டயப்பர் மாற்ற வசதியாக வரிசையாக வைப்பது. தரம் பார்த்து அதற்கு ஒப்புதல் கொடுத்தவனே நான்தான். அந்த இடைவெளிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. உலோகம் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும் என்பது ஹாரன் மட்டும் தெரிந்தவனுக்கும் தெரியும்.

கத்தினால் மார்க் போகும், பி.காமுக்காகச் செய்தேன் என்பாள். கத்தாவிட்டால் அவள் கை. துணி முனைக்கு மேலே வந்துவிட்டது.

"கண்ணு, பட்டன்!"

கை அந்தரத்தில் நின்றது. வகுப்பே நின்றது. தேர்வாளர் சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் துணியைக் கீழே போடச் சொன்னார். மகள் என்னைத்தான் பார்த்தாள்.

"பி.காமுக்காகக் கத்துனீங்களாப்பா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று விதிக்குக் கட்டுப்பட்டது அப்போது மட்டும்தான்.

பட்டனை நீயே பார்த்தாயா என்று தேர்வாளர் கேட்டார். ஆமாம் என்றிருந்தால் என் கூச்சலை அவர் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கலாம்.

"இல்லீங்க சார். அப்பா சொல்லித்தான் பாத்தேன்."

பாதுகாப்புக்கான மார்க்கை அடித்துவிட்டு மேலே செய்யச் சொன்னார். என்னிடம் கத்தரிக்கோலை நீட்டினார். மூட்டையோடு வராண்டாவில் உட்கார்ந்து, நானே ஒப்புதல் கொடுத்த பட்டன்களை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தேன். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து என் ஸ்கூட்டர் உயிர் வந்து கீச்சென்றது.

தேர்வாளர் மார்க்கைச் சொல்லவில்லை. போகும்போது, "புள்ள மத்ததுல எல்லாம் தேறிருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெட்டிப் போட்ட சட்டை ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

"பட்டனோட அடித்தகடு துணிக்குப் பின்னாடி அப்படியே நிக்குதுப்பா. துணியோட சேத்து வெட்டோணும்."