மணமில்லாத ஓமவல்லி

காலை 9.10. ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பினேன். இடுப்பில் இரண்டு வயது மகள் யாழினி, கையில் துணிப்பை, பைக்குள் ஓமவல்லித் தொட்டி.

யாழினிக்கு நான்கு நாளாகச் சளி. மருந்தோடு வீட்டுச் செடியின் சாறு சில துளி தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன், தரலாம் என்றார். ஆனால் இலையைக் கிள்ளிக் கசக்கினால் மணமே இல்லை. பார்வைக்கு இதே போன்ற வேறு செடியும் உண்டாம். அதுவாக இருந்து, குழந்தைக்கும் கொடுத்துவிட்டால்? விற்றவரிடமே காட்டிவிட நினைத்தேன்.

“முப்பது ரூபா செடிக்கு முப்பது கிலோமீட்டரா?” என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டலூரில் பேருந்து மாறினேன். நடத்துநர் பையை எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, பஜ்ஜி செடிய எங்க இட்டுகினு போற?”

“அதுதானான்னு கேக்கத்தான் போறேன் அண்ணா.”

“உனுக்கு லேடீஸ் ஃப்ரீ. செடி ஆம்பளயா இருந்தா டிக்கெட்டு எடுக்கணும்.”

10.40. கேளம்பாக்கம் தாண்டியதும் உப்பளங்கள். நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பேருந்து வெள்ளை வெளிச்சத்தில் மிதந்தது. மடியில் யாழினியும் காலடியில் செடியும் சேர்ந்தே அசைந்தார்கள்.

11.05. திருவிடந்தை. சாலையோரம் செல்வி அக்காவின் நாற்றுத் தோட்டம். கடற்காற்றில் துளசியும் தூதுவளையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

“வாசனையே இல்லக்கா. செடி மாறிடுச்சா?”

அவர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். “சுர்ருனு ஏறுது! நல்லா கேட்ட போ.” இன்னொன்றைக் கசக்கி யாழினியிடம் நீட்டினார். அவள் முகம் சுளித்துத் தும்மினாள். என்னிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“பின்னால கருவாடு காயுது. அதுனாச்சும் தெரியுதா?”

“கருவாடா?”

“ஐயே! செடிக்கு ஒண்ணும் இல்ல. சளி ஒனுக்குத்தாம்மா புடிச்சிக்கீது. புள்ளயப் பாத்துகினே உன்ன வுட்டுட்ட.”

நான்கு நாளாகச் சாம்பார் சப்பென்றிருந்ததற்கு உப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தலை கனத்ததற்குத் தூக்கத்தை.

என் செடியின் இலைகளையே கொதிக்கவைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். யாழினியை வாங்கிக்கொண்டார். “குடி. புள்ள எங்கியும் ஓடாது.” எதையாவது ஆறுவதற்குள் முழுதாகக் குடித்து எத்தனை நாளாயிற்று!

12.30. திரும்பும் பேருந்து. கோவளம் தாண்டுகையில் மூக்கின் ஒரு பக்கம் மெல்லத் திறந்தது. முதலில் டீசல். பிறகு உப்புக்காற்று. குனிந்தேன். யாழினியின் உச்சந்தலையில் வேர்வை, தேங்காயெண்ணெய், நான்கு நாளாக நான் தவறவிட்ட அவள் மணம்.

கேளம்பாக்கம் வரும்வரை நிமிரவில்லை.