பெரட்டு விளையாட்டு

எங்கள் சேருக்கு வகுப்பென்றால் பேச்சும் விளையாட்டும் வேண்டும். பிரம்பை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, "நீங்க பேசுங்கடா, நான் கேக்குறேன்" என்பார். ஹட்டனில் பத்தாம் வகுப்புப் படித்த எங்களுக்கு அது புதுசு. ஒருநாள், "இன்னைக்குப் பெரட்டு விளையாட்டு" என்றார். விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் கங்காணி வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அங்கே பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. பிந்தி வந்தால் பேரில்லை.

தொண்டை பெரிசு என்று என்னைக் கங்காணியாக்கினார். எங்கள் தோட்டத்து நிஜக் கங்காணியின் மகனைப் பிந்தி வந்த ஆளாக்கினார். வெளியூர்க்காரர், அவருக்கென்ன தெரியும்!

"மணி என்னடா? ஒனக்குப் பேரில்ல, போடா லயத்து வீட்டுக்கு!" என்றேன். அவன் கெஞ்ச வேண்டும். அவனோ இளித்தான். பிறந்ததிலிருந்து யாரிடமும் கெஞ்சாத பயல், எப்படிக் கெஞ்சுவான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் கிடந்த அடிமட்டத்தை எடுத்து அவன் முதுகில் வைத்தேன் ஒன்று. இன்னும் ஒன்று. திரும்பி என் வாயில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். பயல்கள் மேசையைத் தட்டி, "போடு! போடு!" என்று கத்தினார்கள். சேர் எங்களைப் பிய்த்தெடுத்தார்.

"ஏண்டா அடிச்ச?"

"எங்கம்மாவ இவங்கப்பா இப்பிடித்தான் சேர் அடிக்கிறாரு."

"பொய்!" என்று அலறினான் அவன்.

மறுநாள் என் உதட்டுக்கு மஞ்சள் பற்றுப் போட்டதில் அம்மா பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும், நானும் கூடவே போனேன்.

"வாங்க தொரை" என்றார் கங்காணி. கம்பை என் கையில் திணித்தார். "நல்லா கங்காணி வேல பாக்குறியாமே! பிந்தி வந்தவ நிக்கிறா. அடி, பேர் போடுறேன். இல்லேன்னா இந்த மாசம் பூரா அவளுக்குப் பேரில்ல." அவர் மகன் புத்தகப் பையோடு பக்கத்தில் நின்றான்.

படுபாவி! கம்பை அந்த ஆளின் மண்டையில் போடத்தான் கை ஓங்கினேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னைய அடிடா! பேரு விழாம ஒன்னைய எப்பிடிடா படிக்கவைக்கிறது?"

அடித்தேன். கங்காணி கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "முழு நாள் பேரு போடுங்க" என்றார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். நான் பஸ் ஏறினேன்.

வகுப்பில் சேர், "நேத்து வெளையாட்டுல என்ன படிச்சீங்க?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். கங்காணி மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் வீங்கியிருந்தது நல்லதாய்ப் போயிற்று, விரலால் அதைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.